யார் கை பட்டாலும் அதே எண் வருமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பெரியம்மா எப்படியும் கிடைத்துவிடுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வரவில்லை. மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, வலக்கையை இடத்தோளுக்கும் இடக்கையை வலத்தோளுக்குமாகக் குறுக்கே இழுப்பார். பிறகு பாதத்தைத் தூக்கி மூக்கு வரை கொண்டுபோவார். சில நாள் இப்படிச் செய்தாலே குழந்தையின் உடம்பு அவருக்குப் பிடிபட்டுவிடும். “பிள்ளை துவள்கிறதே” என்பார். அல்லது, “ஒரு பக்கம் விறைப்பாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்” என்பார்.

தோட்டத்து ஆட்களுக்கு மருத்துவமனையில் சீருடை போட்ட பெண்கள் எல்லாருமே ‘மிசி’தான். நான் தாதி இல்லை, பிசியோதெரபிஸ்ட்; ஆனாலும் மிசிதான். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் வேலை. அங்கே நான் நிரப்பும் படிவத்திலும், பெரியம்மா மணையில் உட்கார்ந்து செய்கிற அதே அசைவுகள் இருக்கின்றன. கையைச் சால்வை போர்த்துவதுபோல் எதிர்த்தோளுக்கு இழுத்து, முழங்கை நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தைக் காதுவரை கொண்டுபோய், எந்த இடத்தில் கால் மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதம் நிறையாத குழந்தையின் முழங்கை தாராளமாகத் தாண்டும். நிறைமாதக் குழந்தை விடாது. 1970இல் டுபோவிட்ஸ் தம்பதியர் வெளியிட்ட முறையிலும், அதைச் சுருக்கி ஜீன் பல்லார்ட் உருவாக்கி 1991இல் மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கும் விரிவாக்கிய முறையிலும் இவை உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதி தெரியாத தாய்க்குப் பிறந்த குழந்தை எத்தனை வாரம் வயிற்றில் இருந்தது என்பதை இன்றும் இந்தக் கையிழுப்பையும் காலிழுப்பையும் சேர்த்து வைத்துக் கணிக்கிறோம்.

அப்படியானால் பெரியம்மா போதாதா, படிவம் எதற்கு? இந்தக் கேள்வியை என் அம்மாவே கேட்டிருக்கிறார். பெரியம்மாவின் கையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னது பலித்த குழந்தைகளை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, பலிக்காத குழந்தைகளை மறந்துவிடுகிறது. அவர் கைக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும். அடுத்த பெரியம்மா முதலில் இருந்து தொடங்குவார். படிவத்தின் பெருமையே அது தோற்கக்கூடியது என்பதுதான். எழுதி வைத்த எண் பொய்த்தால் தெரிந்துவிடும். அப்படிப் பொய்க்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர்தான் சரிபார்த்தல். சரிபார்க்காத படிவம், எழுதத் தெரிந்த பெரியம்மா. அவ்வளவே.

எங்கள் பிரிவில் சிலர் சேர்ந்து அப்படிச் சரிபார்க்க எடுத்துக்கொண்டது ஹேமர்ஸ்மித் பரிசோதனை. லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் லில்லி, விக்டர் டுபோவிட்ஸ் இருவரும் 1981இல் கொண்டுவந்தது. வயதைக் கணிப்பது இதன் வேலை இல்லை. நரம்பு மண்டலம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. படுத்திருக்கும் நிலை, தசை இறுக்கம், அனிச்சைச் செயல்கள், அசைவுகள், இயல்பல்லாத அறிகுறிகள், நடத்தை என்று மொத்தம் 34 அம்சங்கள். ஒவ்வொரு வரியிலும் குச்சி மனிதர்போல் சிறு படங்கள் வரிசையாக இருக்கும்; கையில் இருக்கும் குழந்தைக்கு எது பொருந்துகிறதோ அதை வட்டமிட வேண்டும். பழகிய கைக்குக் கால் மணி நேரம் போதும். தேவைப்படுவது ஒரு கிலுகிலுப்பையும் ஒரு சிவப்புப் பந்தும்தான். இயந்திரம் பழுதானால் உதிரிப் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நம் நாட்டு மாவட்டங்களுக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை.

புள்ளி போடும் முறை 1998இல் வந்தது. பிறப்பில் எந்தச் சிக்கலும் இல்லாத 224 நிறைமாதக் குழந்தைகளைப் பரிசோதித்து, ஒவ்வொரு அம்சத்திலும் பெரும்பாலான குழந்தைகள் எந்தப் படத்தில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பான்மையோடு இருந்தால் 1 புள்ளி. அடியில் இருக்கும் பத்து விழுக்காட்டின் மேல்பாதியில் விழுந்தால் அரைப் புள்ளி, கீழ்ப்பாதியில் விழுந்தால் பூஜ்யம். கூட்டினால் அதிகபட்சம் 34, 30.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் புள்ளி நோயை அளக்கவில்லை, அரிதை அளக்கிறது. லண்டன் குழந்தைகளிடம் அரிதாக இருப்பது எதுவோ அதற்குத்தான் புள்ளி குறைகிறது. பேராக்கில் அது அரிது இல்லையென்றால்?

இது வெறும் விதண்டாவாதம் இல்லை. தாய்லாந்து–மியன்மார் எல்லை அகதி முகாம்களிலும், வியட்நாமிலும், உகாண்டாவிலும் இதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். பெரும்பகுதி ஒத்துப்போனது, சில அம்சங்கள் ஒத்துப்போகவில்லை. ஆரோக்கியமான குழந்தைகளே லண்டன் எண்களின்படி குறைப்புள்ளி வாங்கினார்கள். குழந்தைகள் வேறா, பரிசோதித்த கைகள் வேறா, குழந்தையைத் துணியில் சுற்றுகிற வழக்கம் வேறா என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை. ஆனால் வெளியூர் அளவுகோலை அப்படியே தூக்கி வந்து நம் குழந்தையின் மேல் வைக்கக்கூடாது என்பது மட்டும் உறுதி.

நிறத்தைப் பாருங்கள். பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் புள்ளி போட வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட ஐந்து அம்சங்களில் ஒன்று நிறம். உடம்பு முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் 2 புள்ளி. நம் வீட்டுக் குழந்தைகளை அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்? அனுபவமுள்ள தாதி உதட்டையும் நாக்கையும் உள்ளங்கையையும் பார்ப்பார். புதிதாக வந்தவர் தடுமாறுவார். மஞ்சள்காமாலைக்கும் இதே கதை. கிராமர் என்பவர் 1969இல் சொன்ன முறைப்படி தோலை விரலால் அழுத்தி, மஞ்சள் முகத்தோடு நிற்கிறதா, தொப்புள் தாண்டிவிட்டதா, பாதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையோடு வைத்துப் பார்த்தபோது இந்தக் கண்கணிப்பு நம்பத்தக்கதாக இல்லை என்று பல நாடுகளில் தெரிந்துவிட்டது. கருத்த தோலில் இன்னும் சிரமம். காமாலையைக் கடுமையாக்கக்கூடிய ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுகிற நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில் காமாலையைக் கண்ணால் தவறவிடுவது சின்ன விஷயம் இல்லை. முற்றிய காமாலை மூளையைத் தொட்டால் குழந்தை முதலில் துவளும், பிறகு வில்லாய் வளையும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

சரி, கைக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான்.

ஒரே குழந்தையை இருவர் பரிசோதித்தால் ஒரே எண் வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டு எடைக்கருவிகளைச் சரிபார்க்க ஒரே கல்லை இரண்டிலும் வைக்கலாம், கல் களைத்துப்போகாது. குழந்தை களைத்துப்போகும். நான் கையை இழுத்து, தலையைத் தூக்கி நிறுத்தி, குப்புறத் தாங்கிப் பிடித்து, திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் மோரோ அனிச்சைக்காகத் தலையைச் சற்றே பின்னுக்குத் தளர்த்திவிட்டு முடித்த பிறகு, அடுத்தவர் தொடும்போது அது வேறு குழந்தை. ஒன்று அழுது சிவந்திருக்கும், இல்லையேல் சோர்ந்து தூங்கியிருக்கும். தூங்கும் குழந்தையின் தசை இறுக்கமும் விழித்திருக்கும் குழந்தையின் தசை இறுக்கமும் ஒன்றல்ல. அழும் குழந்தை எல்லாரிடமும் விறைக்கும். அதனால்தான் இரண்டு பால் நேரங்களுக்கு இடையில், குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் வேளையைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த வேளை எப்போது வரும் என்று குழந்தைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வந்தால் அப்போது கண் மருத்துவர் வந்து நிற்பார்.

நாளைக்கு இரண்டாவது ஆள் பார்க்கட்டுமே என்றால், குறைமாதக் குழந்தை ஒரு நாளில் மாறிவிடும். 34 வாரக் குழந்தைக்கு ஒரு வாரம் என்பது நீண்ட காலம். போன வாரம் துவண்ட முழங்கால் இந்த வாரம் மடங்கி நிற்கும். நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் வேறுபட்டால், தவறு கருவியிலா, கையிலா, அல்லது குழந்தை வளர்ந்துவிட்டதா?

வீடியோ எடுத்துவிடலாம் என்று இளம் மருத்துவர்கள் சொல்வார்கள். ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த பொது அசைவுகள் முறைக்கு அது அழகாகப் பொருந்தும். குழந்தையைத் தொடவே வேண்டாம், அது தானாகக் கைகாலை ஆட்டுவதைச் சில நிமிடம் படம் பிடித்தால் போதும். ஆஸ்திரியாவில் இருப்பவரும் ஈப்போவில் இருப்பவரும் அதே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். அந்த முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு இது ஒரு காரணம். ஆனால் கைப்பரிசோதனையில் பாதிச் செய்தி கண்ணுக்கே வராது. முழங்காலை நீட்டும்போது எந்தக் கோணத்தில் நின்றது என்பதைக் கேமரா காட்டும். நிற்பதற்கு முன் எப்படி மறுத்தது, மெதுவாகவா, வெடுக்கென்றா, ஒரு தடவை மறுத்துவிட்டு அடுத்த தடவை விட்டுக்கொடுத்ததா? இதெல்லாம் என் விரல்நுனிக்கும் குழந்தைக்கும் நடுவில் நடந்த பேச்சு. வீடியோவை வைத்துக் கையை மதிப்பிடும் ஆய்வு, பரிசோதனையை எப்படிச் செய்தோம் என்பதைவிட, கடைசியில் எந்தப் படத்தை வட்டமிட்டோம் என்பதைத்தான் சரிபார்க்கிறது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு ‘கருவி நம்பகமானது’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது நடுவழி. தொட வேண்டிய அம்சங்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு குழந்தையிடம் நான் முதலில், அடுத்த குழந்தையிடம் என் சகா முதலில் என்று முறை மாற்றி, குழந்தையின் ஆக்சிஜன் அளவு இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவது. நிறுத்தியதையும் எழுதி வைப்பது. படிவத்தில் வெற்றிடம் இருந்தால் புள்ளியியல்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அந்தக் கால் மணி நேரத்தால் அந்தக் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை, பயன் இனிமேல் பிறக்கப்போகும் யாருக்கோ. கேட்டு அனுமதி வாங்க முடியாத ஒரு ஆளிடம் கடன் வாங்குகிறோம் என்ற நினைப்பு இருந்தால் கை தானாக மெதுவாகும்.

இனி எண்ணுக்கு வருவோம். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டாதிருப்பது நல்லது.

நூறு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் தனித்தனியே பார்த்து, ஆளுக்குப் பத்துக் குழந்தைகளை ‘இயல்பில்லை’ என்று குறிக்கிறார்கள். இருவரும் ஒரே குழந்தையைக் குறித்தது மூன்று முறைதான். 83 குழந்தைகளை இருவருமே இயல்பு என்கிறார்கள். ஆக, நூற்றில் 86 முறை கருத்து ஒன்று. ‘86 விழுக்காடு ஒப்புதல்’ என்று கட்டுரையில் போட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் இருவரும் குழந்தையைத் தொடாமலேயே ஆளுக்குப் பத்துச் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தாலும் சராசரியாக 82 முறை ஒத்துப்போயிருக்கும், ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பானவர்கள். ஜேக்கப் கோஹன் 1960இல் சொன்ன கப்பா எண் இதைத்தான் பிடிக்கிறது: குருட்டாம்போக்குக்கு மேலே கிடைத்தது 4, கிடைக்கக்கூடியது 18, வகுத்தால் 0.22. இவ்வளவு சிரமப்பட்டும் சீட்டுக் குலுக்கலைவிடச் சற்றுத்தான் மேல். ஒப்புதல் விழுக்காட்டை மட்டும் காட்டிக் கப்பாவைக் காட்டாத ஆய்வைப் பார்த்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

பயிற்சி கொடுத்தால் இது உயரும். ஆனால் சனி ஞாயிறு ஹோட்டலில் நடத்தி, நல்ல சாப்பாடு போட்டு, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சியால் உயராது. பொம்மையின் கால் மறுக்காது. இரண்டு பேர் ஒரே தொட்டிலருகே நின்று, “எனக்கு இங்கே தட்டுகிறது, உனக்கு?” என்று கேட்டுக் கேட்டுத்தான் கை ஒன்றுபடும். எங்களுக்குள் தலை பின்னால் சாய்வதைப் பற்றிச் சச்சரவே வந்ததில்லை. கையைப் பிடித்து இழுக்கும்போது முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். ஒரு மூத்த தாதி, பட்டம் எதுவும் இல்லாதவர், எங்கள் இருவரையும்விட நிதானமாகப் பிடிப்பார். அவருக்குப் படிவம் நிரப்பும் அதிகாரம் கிடையாது. இந்த விதியை எழுதியவர் தொட்டில் பக்கம் வந்திருக்க வழியில்லை.

இன்னொரு தொல்லை, தெரிந்துவிடுவது. பரிசோதிப்பவருக்குக் குழந்தையின் மூளை ஸ்கேன் முடிவு தெரிந்திருக்கக்கூடாது. மூளையில் இரத்தக்கசிவு என்று தெரிந்தால் கை தானாகவே விறைப்பைத் தேடும், தேடினால் கிடைக்கும். சின்னப் பிரிவில் இதை மறைப்பது பெரும்பாடு. காலைச் சுற்றில் உரக்கப் படிப்பார்கள். அது போதாதென்று, குழந்தை எந்தத் தோட்டம், பாட்டி யார், அப்பா ஏன் வரவில்லை என்பதுவரை நம்மூர்க்காரர் யாராவது சொல்லிவிடுவார். நான் காலைச் சுற்றுக்குப் போவதையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவும் தாண்டினாலும் பெரிய கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்றைய புள்ளி நாளையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்திருக்க வேண்டிய தேதியை எட்டும்போதும் நிறைமாதக் குழந்தைபோல் இருப்பதில்லை; உடம்பு மடங்கியிருப்பது குறைவு, நீட்டிக் கிடப்பது அதிகம். அதில் பெரும்பாலானோர் நன்றாகவே நடக்கிறார்கள். எனவே புள்ளி குறைந்த குழந்தைகளையும் குறையாத குழந்தைகளையும், பிறந்திருக்க வேண்டிய தேதியில் இருந்து கணக்கிட்டு இரண்டு வயதுவரை காத்திருந்து, பெய்லி போன்ற வளர்ச்சிச் சோதனை வைத்துப் பார்க்க வேண்டும். தலை நின்றதா, குப்புற விழுந்ததா, முகம் பார்த்துச் சிரித்ததா என்று வீட்டில் நாம் வழக்கமாகப் பார்ப்பதையும் கூடவே எழுதிக்கொள்வேன். அம்மாக்கள் அந்தத் தேதிகளை மறப்பதில்லை.

காத்திருப்பதில்தான் தோட்டப்புற ஊர் தன் குணத்தைக் காட்டும். ஒப்பந்தம் முடிந்தால் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடும். கைப்பேசி எண் மாறும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை, பஸ் டிக்கெட் செலவு வேறு. திரும்ப வராதவர்களும் வருகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் என்றால் கணக்கு அவ்வளவாகக் கெடாது. அப்படி இல்லை. பிள்ளை நன்றாக ஓடுகிறது, எதற்குப் போக வேண்டும் என்பவர்களும் வரமாட்டார்கள். பிள்ளை உட்காரவே இல்லை, போனால் என்ன சொல்வார்களோ என்று பயப்படுபவர்களும் வரமாட்டார்கள். நடுவில் இருப்பவர்கள் மட்டும் வந்தால், கருவிக்கு அவர்கள்தான் உலகம் என்று ஆகிவிடும்.

பெரிய நகரத்தில் சரியாக வேலை செய்த கருவி சின்ன ஊரில் தடுமாறுவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. பாதிப்புள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கிற, பாதிப்பில்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிற கருவி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் நலிந்த குழந்தைகள் மட்டும் வரும் இடத்தில் நூறு பேரில் இருபது பேருக்குப் பாதிப்பு இருந்தால், கருவி 26 பேரைக் காட்டும். அதில் 18 பேர் உண்மை. அதே கருவியைப் பாதிப்பு அரிதாக உள்ள மாவட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆயிரம் பேரில் இருபது பேருக்குத்தான் பாதிப்பு என்றால், 116 பேரைக் காட்டும். உண்மை அதே 18. மற்ற 98 வீடுகளில் காரணமே இல்லாமல் அழுகை. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று ஏற்கெனவே பயமுறுத்துகிற ஊர் இது. அங்கே நானும் ஒரு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன். தாயிடம் நான் எண்ணைச் சொல்வதில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்து, “இந்தக் கால் கொஞ்சம் கூடுதலாக மறுக்கிறதா, பாருங்கள்” என்பேன். பல தாய்மார் அதை எனக்கு முன்பே கவனித்திருப்பார்கள்.

பெரியம்மாக்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைக்கு, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையிழுப்பும் காலிழுப்பும் வேண்டாம். அந்த உடம்பு இழுத்ததெல்லாம் வரும், அதுதான் ஆபத்து.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், இரண்டு வயதுச் சோதனைக்குக் கூட்டி வாருங்கள், ஓடி ஆடினாலும் சரி, இன்னும் உட்காராவிட்டாலும் சரி. மருத்துவமனை அட்டை தொலைந்திருந்தால், பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டில் உள்ள எண் போதும். காலையில் பதிவு மேசையில் கூட்டம் இருக்கும். நீங்களும் பசியாறிவிட்டு, பிள்ளைக்கும் ஏதாவது கொடுத்துக் கூட்டி வாருங்கள். பசித்த பிள்ளை கட்டைகளை அடுக்கமாட்டான். அடுக்கவில்லை என்றால் அதையும் நாங்கள் எண்ணாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.